அசிட்ரோம், வார்ஃபரின், கார்ல் பால் லிங்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வால்வு மாற்றியவர்கள், காலில் ரத்தக்கட்டி வந்தவர்கள், இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்கள் என்று மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்தெல்லாம் விடியக் கிளம்பி வந்து உட்கார்ந்திருப்பார்கள். கையை நீட்டும்போதே கேள்வியும் வந்துவிடும், பெரும்பாலும் அதே கேள்விகள். ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், அசிட்ரோம் மாத்திரையைப் பயந்துபோய் நிறுத்திவிட்டு, வால்வில் ரத்தம் கட்டி அவசர சிகிச்சைக்கு வருகிறவர்களைப் பார்த்தால் மனசு தாங்கவில்லை, அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உங்கள் மாத்திரை அளவை முடிவு செய்வது உங்கள் டாக்டர். இந்த மருந்து எங்கிருந்து வந்தது, உடம்பில் என்ன செய்கிறது, அதன் பின்னால் இருந்த மனிதர் யார் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

"தம்பி, இது எலி மருந்துன்னு பேசிக்கிறாங்களே, நெசமாவா?"

நிஜம்தான். வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது, மனிதர்களுக்குக் கொடுக்க 1954-ல்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் கதையை இங்கிருந்து ஆரம்பிப்பதால்தான் பயம் வருகிறது. வார்ஃபரினுக்கு மூத்த மருந்து ஒன்று உண்டு, டைகுமரால் என்று பெயர். அதை 1941-லேயே நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆக, சரியான வரிசை இதுதான்: முதலில் மாடு, அப்புறம் மனிதன், அப்புறம் எலி, மறுபடியும் மனிதன்.

எலி இதைத் தினமும் தின்று, அளவு மீறி, உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாகிறது. உங்களுக்குக் கொடுப்பது சில மில்லிகிராம், அதையும் ரத்தத்தைச் சோதித்துச் சோதித்துத்தான் கொடுக்கிறார்கள். இன்னொன்று, நம் ஊர்க் கடைகளில் விற்ற எலி பேஸ்ட்டில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ், அது கல்லீரலை அழிக்கிற விஷம். அதற்கும் இந்த மாத்திரைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தப் பேஸ்ட் தெரியாமல் வாயில் பட்டால்கூட, ஒன்றும் செய்யவில்லையே என்று வீட்டில் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"இதைக் கண்டுபிடிச்சது எந்த டாக்டர்?"

மருத்துவர் இல்லை, வேதியியல்காரர். கார்ல் பால் லிங்க், 1901-ல் அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து லபோர்ட் என்ற ஊரில், லூதரன் சபைப் போதகர் ஒருவரின் வீட்டில் பிறந்தவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1925-ல் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு ஐரோப்பாவுக்குப் போனார். மிகச் சிறிய அளவுப் பொருளைக்கூடப் பகுத்தறியும் நுண்வேதியியலை ஆஸ்திரியாவில் ஃபிரிட்ஸ் பிரெகல் என்ற நோபல் விஞ்ஞானியிடம் கற்றுக்கொண்டார், அப்புறம் சூரிச்சில் பால் காரரிடம் வேலை பார்த்தார். அங்கே காசநோய் வந்து டாவோஸ் மலையில் தங்கித் தேற வேண்டியிருந்தது. இந்தக் காசநோயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரும்.

1927-ல் விஸ்கான்சினுக்கே திரும்பி, விவசாயக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில் சேர்ந்தார். ஆரம்பத்தில் அவர் ஆராய்ந்தது தாவரங்களில் இருக்கும் சர்க்கரை வகைகளையும், வெங்காயம் பூஞ்சை நோயை எப்படித் தாங்குகிறது என்பதையும்தான். ரத்தம் அவருடைய பாடமே இல்லை.

"மாடு செத்ததுலேருந்து மருந்து வந்துச்சாமே, அது என்ன கதை?"

1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்குப் புல்வெளி மாநிலங்களிலும் மாடுகள் விசித்திரமாகச் செத்தன. கொம்பு தீய்த்தால், காயடித்தால், கன்று ஈன்றால், ரத்தம் நிற்காது. சில மாடுகள் காயமே இல்லாமல் உள்ளே கசிந்து செத்தன. கனடாவின் கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் இதற்குக் காரணம் ஸ்வீட் க்ளோவர் என்ற தீவனச் செடி கெட்டுப்போனதுதான் என்று கண்டார். கெட்ட தண்டுகளையும் நல்ல தண்டுகளையும் பிரித்து முயல்களுக்குப் போட்டுப் பார்த்தார், கெட்டதைத் தின்றவைதான் செத்தன. பிறகு வடக்கு டகோட்டாவில் லீ ராடரிக், இந்த மாடுகளின் ரத்தத்தில் உறைவதற்கு வேண்டிய புரோத்ராம்பின் குறைந்துபோகிறது என்று காட்டினார். தீவனத்தில் இருக்கும் அந்த நஞ்சு என்ன என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

1933 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பனிப்புயலுக்கு நடுவே எட் கார்ல்சன் என்ற விவசாயி ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு, லிங்கின் பல்கலைக்கழகம் இருக்கும் மேடிசன் நகரத்துக்கு வந்தார். மதுரையிலிருந்து திருவனந்தபுரம் போகிற தூரம். வண்டியில் செத்துப்போன ஒரு கிடேரி, பால் கேன் நிறைய உறையாத ரத்தம், கூடவே கெட்டுப்போன தீவனம். அரசாங்கக் கால்நடை அலுவலகம் மூடியிருந்ததால் கடைசியில் லிங்கின் ஆய்வுக்கூடத்துக் கதவைத் தட்டினார். தீவனத்தை நிறுத்துங்கள், முடிந்தால் நல்ல மாட்டின் ரத்தத்தை ஏற்றுங்கள் என்பதைத் தவிர லிங்கால் அன்றைக்கு எதுவும் சொல்ல முடியவில்லை. அந்த மனிதர் அதே பனியில் திரும்பிப் போனார். மாடு வளர்க்கிற வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த இடம் விளக்காமலே புரிகிறது, கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

அவர் போனபின் லிங்கும் அவருடைய உதவியாளர் ஷோஃபெலும் அந்தப் பால் கேனை விடவில்லை. வேலையை அன்றைக்கே தொடங்கிவிட்டார்கள்.

"அப்ப ஒடனே கண்டுபிடிச்சிட்டாரா?"

ஆறு வருஷத்துக்கு மேல் ஆனது, எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதியும் இதுதான். வைக்கோல்போல் காய்ந்த செடியில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்கள் இருக்கும், அதில் நஞ்சு எது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு சாறாகப் பிரித்து முயலுக்குக் கொடுத்து, அதன் ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்க வேண்டும். ஆனால் முயலுக்கு முயல் அளவு மாறும், ஆகவே நம்பகமான அளவீட்டு முறையை உருவாக்கவே வருஷங்கள் போயின. இன்றைக்கு உங்கள் கையிலிருந்து எடுக்கிற ரத்தத்தில் நாங்கள் செய்கிற புரோத்ராம்பின் நேரச் சோதனையை 1935-ல் ஆர்மண்ட் குயிக் விவரித்தார். லிங்கின் ஆட்களும் அதே வழியில்தான் முயல்களில் அளந்தார்கள்.

1939 ஜூன் 28 அன்று, இரவு முழுக்க வேலை பார்த்த ஹரோல்ட் கேம்பெல் என்ற மாணவர் நுண்ணோக்கியில் படிகங்களைப் பார்த்தார். மொத்தமே சுமார் 6 மில்லிகிராம். மார்க் ஸ்டாமன் அதை அதிக அளவில் பிரித்தெடுத்தார், சார்லஸ் ஹியூப்னர் 1940-ல் அதன் அமைப்பைக் கண்டறிந்து செயற்கையாகவும் தயாரித்தார். க்ளோவர் செடிக்கு இனிய வாசனை தரும் கூமரின் என்ற பொருள், பூஞ்சை பிடித்தபோது இரண்டிரண்டாக இணைந்து டைகுமரால் ஆகியிருந்தது. இதையெல்லாம் லிங்க் ஒருவரே கண்டுபிடித்ததாக எழுதுகிறவர்கள் இந்த மாணவர்களின் பெயர்களை விட்டுவிடுகிறார்கள், அது நியாயமில்லை.

"எங்க வீட்லயும் மாடு இருக்கு. குதிரைமசால் போட்டா இந்த நோவு வருமா?"

குதிரைமசால் வேறு செடி. இந்த நோய்க்கு இரண்டும் சேர்ந்து வேண்டும்: கூமரின் நிறைந்த செடி, அதன்மேல் பூஞ்சை. நம் பக்கத்துக் குதிரைமசாலோ வேலிமசாலோ நெல் வைக்கோலோ அந்த வகையில் சேராது. ஆனாலும் மழையில் நனைந்து பூசணம் பிடித்த தீவனத்தைப் போடாதீர்கள், பூஞ்சைக்கு வேறு நஞ்சுகளும் உண்டு.

"ரத்தத்தைத் தண்ணியாக்குற மாத்திரைதானே இது?"

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், ஆனால் ரத்தத்தின் கெட்டித்தன்மை துளிகூட மாறுவதில்லை. ரத்தம் உறைய வேண்டிய புரதங்களில் நான்கு (2, 7, 9, 10 என்று எண் கொடுத்திருக்கிறார்கள்) கல்லீரலில் தயாராகும்போது அவற்றுக்கு வைட்டமின் கே தேவை. அந்த வைட்டமின்தான் புரதத்தில் கால்சியத்தைப் பிடிக்கிற கொக்கிகளை மாட்டிவிடுகிறது. ஒரு முறை வேலை செய்த வைட்டமின் கே-யை மறுபடி பயனுள்ளதாக மாற்ற ஒரு நொதி இருக்கிறது. வார்ஃபரின் அந்த நொதியைத் தடுக்கிறது. கொக்கி இல்லாத புரதங்கள் ரத்தத்தில் சும்மா சுற்றும், உறைதல் தாமதமாகும்.

இதிலிருந்தே இன்னொரு சந்தேகமும் தீரும். மாத்திரை போட்ட அன்றைக்கே ஏன் பலன் தெரிவதில்லை என்றால், ஏற்கெனவே தயாராகி ரத்தத்தில் இருக்கும் புரதங்கள் தீர வேண்டும். 7-ஆம் எண் சில மணி நேரத்தில் பாதியாகும், 2-ஆம் எண் பாதியாக இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதனால்தான் ஆரம்பத்தில் சில நாள், உடனே வேலை செய்கிற ஹெப்பாரின் ஊசியும் சேர்த்துப் போடுகிறார்கள்.

"அப்படின்னா கீரையே திங்கக் கூடாதா?"

தின்னலாம். முருங்கைக்கீரை, அரைக்கீரை, முட்டைக்கோஸ் எல்லாவற்றிலும் வைட்டமின் கே உண்டு, மேலே சொன்ன நொதிக் கதைப்படி அது அதிகமானால் மாத்திரையின் பலன் குறையும். ஆனால் கீரையை அடியோடு விட்டுவிட்டு வாரக்கணக்கில் இருந்துவிட்டு, ஊருக்குப் போன இடத்தில் அம்மா வைத்த கீரையை மூன்று வேளையும் சாப்பிடுவதுதான் அளவைக் குலைக்கிறது. வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுவீர்களோ அதையே ஒரே சீராகச் சாப்பிடுங்கள், டாக்டர் அதற்கேற்ப மாத்திரையை வைத்துக்கொள்வார்.

"மாட்டுலேருந்து எலிக்கு எப்படிப் போச்சு?"

லிங்குக்குக் காசநோய் வந்தது என்று சொன்னேன் அல்லவா, 1945-ல் அது திரும்பி வந்து மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வைத்துவிட்டது. படுக்கையில் கிடந்தபடி எலி ஒழிப்பு வரலாற்றைப் படித்தார். டைகுமராலைப் போல நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்களை அவருடைய கூடம் ஏற்கெனவே தயாரித்து வைத்திருந்தது, அதில் 42-ஆம் எண் எலிக்குத் தோதாக இருந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் தந்த விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளையின் பெயர்ச் சுருக்கத்தோடு கூமரினின் வால் எழுத்துகளைச் சேர்த்து வார்ஃபரின் என்று பெயர் வைத்தார்கள்.

1951-ல் ஓர் அமெரிக்கப் படைவீரர் உயிரை விட எண்ணி இதை விழுங்கினார். வைட்டமின் கே-யும் ரத்தமும் கொடுத்து அவரை முழுசாகக் காப்பாற்றிவிட்டார்கள். இந்த மருந்துக்கு நம்பகமான மாற்று மருந்து இருக்கிறது என்ற தைரியம் அதிலிருந்து வலுத்தது. டைகுமராலை வைட்டமின் கே முறிக்கும் என்று லிங்கின் கூடம் 1940-களின் தொடக்கத்திலேயே சொல்லிக்கொண்டிருந்தது, மருத்துவர்கள் பலர் அப்போது நம்பத் தயங்கினார்கள். 1955 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கும் வார்ஃபரின் கொடுத்தார்கள்.

"எனக்கு எழுதினது அசிட்ரோம். அது வேறயா?"

அதே குடும்பம். அசிட்ரோம் கம்பெனி வைத்த பெயர், மருந்தின் பெயர் அசினோகூமரால். வார்ஃபரின் மூலக்கூறில் ஒரு நைட்ரோ தொகுதி கூடுதல், அவ்வளவுதான். ஆனால் உடம்பை விட்டுச் சீக்கிரம் போய்விடும், வார்ஃபரின் ஒன்றரை நாளுக்கு மேல் நின்று பாதியாகும் என்றால் இது சுமார் 8-லிருந்து 11 மணி நேரத்திலேயே பாதியாகும். அதனால் ஒரு வேளை விட்டுப்போனாலும் தெரியும். இரண்டின் மில்லிகிராமும் ஒன்றுக்கொன்று சமமில்லை, ஒன்று கிடைக்கவில்லை என்று மருந்துக்கடையில் மற்றதை வாங்கிப் போடாதீர்கள்.

"மாசாமாசம் ரத்தம் எடுக்கணுமா? லேப்புக்கு லேப் நம்பர் வேற மாறுதே?"

எடுத்துத்தான் ஆக வேண்டும். புரோத்ராம்பின் நேரத்தை அளக்க ஒரு திரவம் சேர்க்கிறோம், அது தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். ஒரே ரத்தம் ஓர் இடத்தில் 20 விநாடி, இன்னோர் இடத்தில் 30 விநாடி காட்டலாம். இதைச் சரிசெய்யத்தான் உலக சுகாதார நிறுவனம் 1983-ல் ஐ.என்.ஆர். கணக்கைக் கொண்டுவந்தது. ஆகவே சீட்டில் விநாடியைப் பார்க்காமல் ஐ.என்.ஆர். எண்ணைப் பாருங்கள். பொதுவாக 2-லிருந்து 3 வரை, இதயத்தின் இடப்பக்க மேல், கீழ் அறைகளுக்கு நடுவே உள்ள மிட்ரல் இடத்தில் உலோக வால்வு என்றால் 2.5-லிருந்து 3.5 வரை வைத்திருப்பார்கள். உங்களுக்கான எண்ணை டாக்டரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள், அந்த நோட்டு இல்லாமல் வராதீர்கள்.

"அவருக்கு அரை மாத்திரை போதுங்குறாங்க, எனக்கு மட்டும் ஏன் இம்புட்டு?"

எலிதான் இதற்கும் பதில் தந்தது. 1958-ல் ஸ்காட்லாந்தில் வார்ஃபரின் தின்றும் சாகாத எலிகள் தெரிந்தன. அந்த எலிகளையும், அதேபோன்ற மாற்றம் உள்ள மனிதக் குடும்பங்களையும் ஆராய்ந்ததில் 2004-ல் மேலே சொன்ன நொதிக்கான மரபணு பிடிபட்டது. அந்த மரபணு எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை, மருந்தைக் கல்லீரல் உடைக்கிற வேகமும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் அளவு உங்களுக்கு எந்த வகையிலும் வழிகாட்டாது.

"மூட்டு வலிக்குக் கடையில வாங்கி ஒண்ணு போட்டுக்கலாமா?"

டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். ஆஸ்பிரின் வகைக்கு அருகிலுள்ள சாலிசிலிக் அமிலமே எலிகளில் புரோத்ராம்பினைக் குறைக்கிறது என்று லிங்கின் கூடம் 1943-ல் வெளியிட்டது. ஆஸ்பிரின், ரத்தம் கட்ட உதவும் ரத்தத் தட்டுகளையும் முடக்கும், டைக்ளோஃபெனாக் போன்றவை வயிற்றைப் புண்ணாக்கும். இருதய டாக்டரே இரண்டையும் சேர்த்து எழுதியிருந்தால் அது கணக்குப் போட்டு எழுதியது, அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

"மகளுக்கு வால்வு மாத்தியிருக்கு. கலியாணம் பேசலாமா, பிள்ளை பெத்துக்கலாமா?"

வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களில் இளம்பெண்கள் நிறையப் பேர், இதைத் தாய்மார்கள் தனியாக அழைத்துத்தான் கேட்பார்கள். வால்வு மாற்றிய பெண்களும் பிள்ளை பெறுகிறார்கள், ஆனால் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே இருதய டாக்டரிடம் பேச வேண்டும். வார்ஃபரின், அசினோகூமரால் இரண்டும் நஞ்சுக்கொடியைத் தாண்டி, முதல் மூன்று மாதங்களில் சிசுவின் மூக்கெலும்பு முதலியவற்றைப் பாதிக்கலாம். ஹெப்பாரின் தாண்டாது, ஆனால் வால்வைக் காப்பதில் அதற்குக் குறைகள் உண்டு. எந்த மாதத்தில் எது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் பயந்து மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் மிகப் பெரிய ஆபத்து.

"டெஸ்டே வேணாம்னு புது மாத்திரை வந்திருக்காமே, அதைக் கேக்கலாமா?"

டபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான் என்று 2008 முதல் ஒவ்வொன்றாக வந்தவை. கால் ரத்தக்கட்டிக்கும் பல இதயத் துடிப்புக் கோளாறுகளுக்கும் நல்ல மருந்துகள், மாதாமாதம் ரத்தம் எடுக்க வேண்டாம். ஆனால் உலோக வால்வு இருக்கிறவர்களுக்கு இவை கூடாது. டபிகாட்ரானை வால்வுக்காரர்களிடம் சோதித்த ஆய்வில் கட்டிகளும் ரத்தக்கசிவும் வார்ஃபரினைவிட அதிகமாகி, ஆய்வையே பாதியில் நிறுத்தி 2013-ல் வெளியிட்டார்கள். வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டு, துடிப்பும் தவறுகிறவர்களிடம் ரிவராக்சபானை ஒப்பிட்ட ஆய்வு 2022-ல் வந்தது, இந்திய நோயாளிகளும் அதில் இருந்தார்கள், அங்கேயும் பழைய மருந்துதான் மேலாக இருந்தது. நம் ஆட்கள் பலருக்கு வைத்திருப்பது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு, 1990-ல் முதலில் பொருத்தியது. அதுவும் உலோக வால்வு வகைதான்.

"கண்ணாடி விரியன் கடிச்சாலும் ரத்தம் உறையாதாம். அதுக்கும் வைட்டமின் கே ஊசி போட்டாச் சரியாகுமா?"

வயல்வேலைக்காரர்கள் கேட்கிற அருமையான கேள்வி. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், உள்ளே நடப்பது நேர் எதிர். இந்த மாத்திரை உறைதல் புரதங்களைச் சரியாகத் தயாராகவிடாமல் தடுக்கிறது. விரியன் விஷம் 10-ஆம், 5-ஆம் எண் புரதங்களைத் தூண்டி உடம்பெங்கும் உறைதலைக் கிளப்பி, இருக்கிற சரக்கையெல்லாம் தீர்த்துவிடுகிறது. வைட்டமின் கே அங்கே குறையவே இல்லை, அதனால் அந்த ஊசி விஷத்தை முறிக்காது. விஷமுறிவு மருந்து மட்டுமே வழி. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் ஆடாமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். மந்திரிக்கப் போய் நேரத்தைக் கழிக்காதீர்கள், அசிட்ரோம் போடுகிறவர் என்றால் உள்ளே நுழைந்ததும் அதைச் சொல்லிவிடுங்கள்.

அதே விரியன் விஷத்தை நன்றாக நீர்க்க வைத்து, ரத்தம் நிற்காத ஹீமோஃபிலியாக்காரர்களின் காயத்தில் தடவி ரத்தத்தை நிறுத்தலாம் என்று 1934-ல் இங்கிலாந்தில் மக்ஃபர்லேன் காட்டினார்.

"லிங்குக்கு நோபல் கெடச்சுச்சா?"

இல்லை. வைட்டமின் கே-க்காக டாமுக்கும் டாய்சிக்கும் 1943-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. லிங்குக்கு 1955-லும் 1960-லும் லாஸ்கர் விருது கிடைத்தது, மருத்துவ ஆராய்ச்சியில் அது பெரிய மரியாதை. 1971-ல் ஓய்வு பெற்று 1978-ல் காலமானார். வார்ஃபரின் தடுப்பது எந்த நொதியை என்பதைத் தெளிவாக்கியவர்களில் முக்கியமானவர் ஜான் சட்டி, அவரும் லிங்க் வேலை பார்த்த அதே விஸ்கான்சின் உயிர்வேதியியல் துறைக்காரர்.

"எம்மக கெமிஸ்ட்ரி படிக்கிறா. எல்லாம் கண்டுபிடிச்சாச்சே, இதுல இன்னும் என்ன பாக்கி?"

நிறையப் பாக்கி இருக்கிறது. கட்டியைத் தடுக்க வேண்டும், ஆனால் காயம் பட்டால் ரத்தம் நிற்கவும் வேண்டும், இரண்டையும் சேர்த்துச் செய்கிற மருந்து இன்னும் வரவில்லை. பிறவியிலேயே 11-ஆம் எண் புரதம் குறைந்தவர்களுக்குக் கட்டிகள் குறைவு, தானாக ரத்தம் வடிவதும் அபூர்வம். அதனால் அந்தப் புரதத்தைத் தடுக்கும் மருந்துகளை இப்போது சோதிக்கிறார்கள். அதில் ஒன்றான அசுண்டெக்சியனை, இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களிடம் அபிக்சபானோடு ஒப்பிட்ட ஆய்வு, கட்டிகளைத் தடுப்பதில் அது பின்தங்கியதால் 2023-ல் நிறுத்தப்பட்டது. மற்ற முயற்சிகள் நடக்கின்றன. உலோக வால்வுக்கு மாதாமாதம் ரத்தம் எடுக்காமல் போடக்கூடிய மாத்திரை இன்றுவரை இல்லை, நம் பக்கத்துக்கு மிகவும் தேவைப்படுவது அதுதான். வேதியியல் படித்த பிள்ளைக்கு உயிர்வேதியியலிலும் மருந்தியலிலும் மேற்படிப்பு உண்டு, நம் காமராசர் பல்கலைக்கழகத்திலேயே உயிரியல், வேதியியல் துறைகள் இருக்கின்றன. அவளை ஒரு நாள் எங்கள் கூடத்துக்குக் கூட்டி வாருங்கள், புரோத்ராம்பின் நேரத்தை எப்படி அளக்கிறோம் என்று காட்டுகிறேன்.